ஊதுபத்தி குத்திய வாழைப்பழமும் குட்டி ஈக்களும்

சமையலறையில் குட்டி ஈ மொய்க்க ஆரம்பித்தால் முதலில் நடப்பது கைதட்டல்தான். இரண்டு கையையும் சேர்த்துத் தட்டுவோம், எப்போதாவது ஒன்று மாட்டும். அப்புறம் கொசு பேட்டை எடுத்து வருவோம், ஸ்ப்ரே அடிப்போம், கற்பூரம் வைப்போம், ரெண்டு நாள் குறைந்த மாதிரி இருக்கும், மூன்றாம் நாள் பார்த்தால் தக்காளிக் கூடைக்கு மேல் மறுபடியும் ஒரு கூட்டம். இவ்வளவு பாடும் வீணாவதற்குக் காரணம் ஒன்றுதான். நாம் அடிப்பது பறக்கிற ஈயை. அது பெருகுவதோ வீட்டில் நாம் எட்டிப் பார்க்காத ஏதோ ஒரு ஈரமான, புளித்துப்போன மூலையில். அந்த மூலை இருக்கிறவரைக்கும் புதிது புதிதாக வந்துகொண்டேதான் இருக்கும்.

"பழம் அழுகினா ஈ தானா வந்துடும்" என்று நம் வீடுகளில் சொல்வார்கள். பார்த்தால் அப்படித்தான் தெரியும், ஜன்னல் எல்லாம் சாத்தியிருக்கும், காலையில் பழத்தட்டில் பத்து ஈ உட்கார்ந்திருக்கும். அழுகும் பொருளிலிருந்து பூச்சி தானாகவே பிறக்கிறது என்று ஐரோப்பாவிலும் ரொம்ப காலம் நம்பினார்கள். இத்தாலியில் பிரான்செஸ்கோ ரெடி என்ற மருத்துவர் சில ஜாடிகளில் இறைச்சியைப் போட்டு, பாதியைத் திறந்தும் பாதியைத் துணி கட்டி மூடியும் வைத்தார். திறந்த ஜாடியில்தான் புழு வந்தது. இதை அவர் எழுதி வெளியிட்டது 1668இல். பழத்துக்கும் அதே கதைதான். ஒரு தாய் ஈ வந்து முட்டை வைத்தால்தான் உண்டு, இல்லாவிட்டால் பழம் எவ்வளவு அழுகினாலும் நாற்றம் மட்டும்தான் மிச்சம்.

சரி, வந்திருப்பது எந்த ஈ என்று முதலில் பார்க்க வேண்டும், ஏனென்றால் பாதிப் பேர் இங்கேயே தவறிவிடுகிறார்கள். "பழ ஈ" என்று விவசாயிகளிடம் சொன்னால் அவர்கள் நினைப்பது வேறொரு பூச்சியை. மாம்பழத்தை நறுக்கும்போது உள்ளே வெள்ளைப் புழு நெளியுமே, அதற்குக் காரணமான ஈ. பாக்ட்ரோசெரா டார்சாலிஸ் என்று பெயர், கிட்டத்தட்ட வீட்டு ஈ அளவுக்கு இருக்கும், பார்க்கக் குளவி சாயல். காய் மரத்தில் தொங்கும்போதே ஊசி மாதிரியான உறுப்பால் தோலைக் குத்தி உள்ளே முட்டை வைத்துவிடும். தோப்புகளில் மீத்தைல் யூஜினால் என்ற வாசனைப் பொருள் தடவிய பொறியைக் கட்டித் தொங்கவிடுவது இதற்காகத்தான். அந்த வாசனைக்கு அந்த ஈயின் ஆண்கள் மட்டும் வெறி பிடித்த மாதிரி வந்து விழும். பீகாரில் உள்ள பூசா ஆராய்ச்சி நிலையத்தில் ஹவ்லெட் என்ற பூச்சியியலாளர் 1910களில் கவனித்துச் சொன்ன விஷயம் அது. "ஃப்ரூட் ஃப்ளை டிராப்" என்று உரக்கடையிலும் ஆன்லைனிலும் விற்பதை வாங்கிச் சமையலறையில் மாட்டி ஏமாந்தவர்கள் நிறைய. நம் வீட்டுக் குட்டி ஈக்கு அந்த வாசனை ஒரு பொருட்டே இல்லை.

சமையலறை ஈ மூன்று மில்லிமீட்டரைத் தாண்டாது. மஞ்சள் கலந்த பழுப்பு உடம்பு, உற்றுப் பார்த்தால் செங்கல் நிறக் கண். பழத்துக்கு மேல் மெதுவாக, தூக்கக் கலக்கத்தில் இருப்பது போலச் சுற்றும். இதோடு குழப்பிக்கொள்ளக் கூடியவை இன்னும் மூன்று உண்டு. குளியலறைச் சுவரில் இதய வடிவ இறக்கையை விரித்துக்கொண்டு அசையாமல் ஒட்டியிருப்பது சாக்கடை ஈ, அது கழிவுநீர்க் குழாயின் உள்சுவரில் படியும் வழவழப்பில் வளரும். ஜன்னலோரத் தொட்டிச் செடியைத் தொட்டதும் கறுப்பாக, மெலிந்து, கால் நீண்ட கொசுக்குஞ்சு மாதிரி எழும்புவது மண் ஈ, தண்ணீர் ஊற்றுவதைக் குறைத்து மேல்மண்ணைக் காயவிட்டால் அடங்கும். பறப்பதைவிடக் குடுகுடுவென்று ஓடுவதையே விரும்புகிற, முதுகு கூனிய ஒரு ஈயும் இருக்கிறது, அது வந்தால் உருளைக்கிழங்கு வெங்காயம் வைத்திருக்கும் கூடையின் அடியில் ஒன்று கூழாகிக் கிடக்கிறது என்று அர்த்தம். எது என்று சந்தேகம் இருந்தால், இரவு படுக்கப் போகும்முன் சிங்க் துளையின் மேல் அகலமான டேப்பை ஒட்டும் பக்கம் கீழே பார்க்கும்படி, காற்றுக்குக் கொஞ்சம் இடைவெளி விட்டு ஒட்டுங்கள். காலையில் அதில் ஈ ஒட்டியிருந்தால் அவை குழாய்க்குள்ளிருந்து வருகின்றன. சுத்தமாக இருந்தால், இன்னும் ஓரிரு இரவு பார்த்துவிட்டு, குழாயை விட்டுவிட்டு வேறு இடம் தேடலாம்.

நம் குட்டி ஈயின் பெயர் டிரோசோஃபிலா. ஒரே இனம் அல்ல, பல இனம். உலகப் புகழ் பெற்றது டிரோசோஃபிலா மெலனோகாஸ்டர், 1830இல் மெய்கன் என்ற ஜெர்மானியர் அதற்குப் பெயர் வைத்தார். அதன் பூர்வீகம் ஆப்பிரிக்கா. அங்கே மருலா என்ற காட்டுப் பழத்தை நம்பி வாழ்ந்த ஈ, அந்தப் பழத்தைக் குகைகளுக்குக் கொண்டுபோய்ச் சேமித்த மனிதர்களின் பின்னாலேயே வீட்டுக்குள் நுழைந்திருக்க வேண்டும் என்று ஜிம்பாப்வேயின் மடோபோ குன்றுகளில் ஆய்வு செய்தவர்கள் 2018இல் எழுதினார்கள். ஆக, நமக்கும் அதற்கும் உள்ள உறவு நேற்று வந்தது இல்லை. இந்தியாவில் வீடு, பழக்கடைப் பக்கம் அதைவிடவும் சகஜமாகக் கிடைப்பது டிரோசோஃபிலா அனனாசே, இந்தோனேசியாவின் அம்பான் தீவில் 1858இல் முதலில் விவரிக்கப்பட்டது. தலையிலிருந்து முதுகுவரை கோடு போட்ட மாதிரி வெள்ளை வரிகளோடு வந்தால் அது ஸப்ரியோனஸ் இண்டியானஸ், பெயரில் இந்தியா இருந்தாலும் அதுவும் ஆப்பிரிக்கக்காரன்தான். விரட்டுகிற வேலையைப் பொறுத்தவரை எல்லாவற்றுக்கும் ஒரே வைத்தியம்தான், அதனால் இனம் தெரியவில்லையே என்று கவலைப்பட வேண்டாம்.

இந்த ஈ பழத்தைத் தேடி வருவதில்லை. ஈஸ்ட் என்ற நுண்ணுயிரைத் தேடி வருகிறது. பழத்தின் தோலில் எங்கேயாவது கீறல் விழுந்து சர்க்கரை வெளியே கசிந்தால் ஈஸ்ட் அதில் இறங்கிப் புளிக்கவைக்கும், அப்போது எழும் சாராயம், அசிட்டிக் அமிலம், பழவாசனை கலந்த ஆவிகள் எல்லாம்தான் ஈக்கு அழைப்பு. வளர்ந்த ஈக்கும் சரி, புழுவுக்கும் சரி, முக்கியமான சாப்பாடே ஈஸ்ட்தான். பனையேறிகள் பதநீர் இறக்கும்போது கலயத்தின் உள்பக்கம் சுண்ணாம்பு தடவுவார்கள், தடவாவிட்டால் மரத்திலேயே புளித்துக் கள்ளாகிவிடும். இனிப்பு அதே இனிப்பு, மரம் அதே மரம், ஈஸ்ட் வேலை செய்ததா இல்லையா என்பதுதான் வித்தியாசம். கள்ளுக் கலயத்தைச் சுற்றி ஈ ஏன் அப்படி மொய்க்கிறது என்பதற்கும் அதுவே பதில். நல்ல கெட்டியான, தோல் கிழியாத பழத்தை இரண்டு நாள் வெளியே வைத்தாலும் ஈ அவ்வளவாக அண்டாமல் இருப்பதும், காம்பு கிழிந்த ஒரே ஒரு வாழைப்பழத்துக்கு ஊரே கூடுவதும் இதனால்தான்.

இந்த மூக்கின் சூட்சுமத்தைப் பிரித்துப் பார்த்ததில் நம் நாட்டுக்கும் பங்கு உண்டு. மும்பையில் டாடா அடிப்படை ஆராய்ச்சி நிறுவனத்தில் ஒபைத் சித்திக்கியும் அவருடைய மாணவி வெரோனிகா ரோட்ரிக்ஸும், வாசனை சரியாகத் தெரியாத, சுவை சரியாகத் தெரியாத ஈக்களை ஆயிரக்கணக்கானவற்றிலிருந்து தேடிப் பிரித்தெடுத்து, எந்த மரபணு கெட்டால் எந்த உணர்வு போகிறது என்று பார்த்தவர்கள். சித்திக்கி பின்னாளில் பெங்களூரில் தேசிய உயிரியல் அறிவியல் மையத்தைத் தொடங்கியவர். உலக அளவில் இந்த ஈ வாங்கிக்கொடுத்த நோபல் பரிசுகளைச் சொல்ல ஆரம்பித்தால் கட்டுரை வேறு பக்கம் போய்விடும். 1933இல் மரபியலாளர் தாமஸ் ஹன்ட் மார்கனுக்குக் கிடைத்ததில் தொடங்கி, 2017இல் உடம்புக்குள் ஓடும் கடிகாரத்தைக் கண்டறிந்த மூவர்வரை அந்தப் பட்டியல் நீள்கிறது. மார்கன் நியூயார்க்கில் பால் பாட்டிலில் வாழைப்பழத்தை மசித்துப் போட்டுத்தான் இவற்றை வளர்த்தார். நாம் அதையே எந்தச் சிரமமும் இல்லாமல் குப்பைத் தொட்டியில் செய்கிறோம்.

ஆய்வாளர்கள் இந்த ஈயைத் தேர்ந்தெடுத்த காரணமே நமக்குத் தலைவலியான காரணமும்: வேகம். 25 டிகிரி வெப்பத்தில் முட்டை ஒரே நாளில் பொரிந்துவிடும், புழு நாலைந்து நாள் தின்னும், கூட்டுப்புழுவாக இன்னொரு நாலைந்து நாள், ஆக மொத்தம் சுமார் 10 நாளில் முட்டையிலிருந்து இறக்கை முளைத்த ஈ. 18 டிகிரியில் இது கிட்டத்தட்ட இரண்டு மடங்கு நாளாகும், அதனால் ஊட்டி, கொடைக்கானல்காரர்களுக்குக் கொஞ்சம் அவகாசம் உண்டு. 28, 29 டிகிரியில் இன்னும் ஒன்றிரண்டு நாள் குறையும், அதாவது சென்னை, மதுரைச் சமையலறையில் வருஷத்தின் பாதி நாள். ஒரு பெண் ஈ தன் ஆயுளில் 400, 500 முட்டைவரை வைக்கும். அதில் நூறு மட்டும் பிழைத்தது, பாதி பெண் என்று வைத்துக்கொண்டால்கூட அடுத்த சுற்றில் ஐயாயிரம். இன்னொன்று, ஒருமுறை கூடிய பெண் ஈ விந்தை உடம்புக்குள் சேமித்து வைத்துக்கொண்டு பல நாள் முட்டை வைக்கும், அதனால் ஜோடியாக வர வேண்டிய அவசியம்கூட இல்லை, காய்கறிப் பையோடு ஒரே ஒரு தாய் ஈ வந்தால் போதும்.

அக்னி நட்சத்திரத்தில் ஈ குறைந்து, ஆடிக் காற்று வீசத் தொடங்கியதும் கூடுகிறதே என்று சிலர் கவனித்திருக்கலாம். வெப்பம் 30 டிகிரியைத் தாண்டித் தொடர்ந்து நீடித்தால் மெலனோகாஸ்டர் ஆண்களுக்கு மலட்டுத்தன்மை வந்துவிடும், வறண்ட காற்றில் முட்டையும் புழுவும் காய்ந்துபோகும். அனனாசே போன்ற வெப்பநாட்டு இனங்கள் இன்னும் கொஞ்சம் தாங்கும். ஆனால் மாம்பழமும் பலாப்பழமும் அதே மாதங்களில் வீட்டுக்குள் வருவதால் வெயில் செய்த உபகாரத்தை நாமே கெடுத்துக்கொள்கிறோம்.

இனி அந்த மூலையைத் தேடுவது. பழத்தட்டு எல்லோருக்கும் தெரியும், அதைவிடப் பெரிய குற்றவாளிகள் வேறு இருக்கிறார்கள். என்னைக் கேட்டால் தமிழ் வீட்டில் முதலில் பார்க்க வேண்டிய இடம் பூஜையறை. வெள்ளிக்கிழமை சாமிக்கு வைத்த வாழைப்பழத்தில் ஊதுபத்தியைக் குத்தி வைப்போம். ஊதுபத்தி எரிந்து முடிந்ததும் குச்சி நிற்கும், குச்சியைச் சுற்றி ஒரு துளை, துளைக்குள் ஈரமான இனிப்பு. டிரோசோஃபிலா முட்டை வைக்கத் தேடுவது இப்படி ஒரு இடத்தைத்தான். அடுத்த வெள்ளிவரை அதை எடுக்காமல் விட்டால் ஒரு தலைமுறை கூட்டுப்புழுக் கட்டத்துக்கு வந்துவிடும். கூடவே உடைத்த தேங்காய் மூடி, படத்துக்குப் பின்னால் நழுவி விழுந்த பழைய பூச்சரம். ஆயுத பூஜை முடிந்த வாரம் கடைகளிலும் இதே நிலவரம்தான், பொரியும் பழமும் வைத்த தட்டை மெஷினுக்கு முன்னால் அப்படியே விட்டுவிட்டு மூன்று நாள் லீவு.

அப்புறம் தாம்பூலப் பை. கல்யாணத்துக்குப் போய்விட்டு வந்து கதவுக்குப் பின்னால் கொக்கியில் மாட்டுவோம், உள்ளே வெற்றிலை பாக்கோடு ஒரு வாழைப்பழமோ சாத்துக்குடியோ இருக்கும், யாருக்கும் ஞாபகம் இருக்காது. சமையலறையை எவ்வளவு தேய்த்தும் ஈ போகவில்லை என்கிற வீடுகளில் ஹால் கதவுக்குப் பின்னால் பார்க்கச் சொல்லுங்கள். காரின் பின்சீட்டையும்.

சமையலறைக்குள் வந்தால், தக்காளிக் கூடையின் அடி. மேலே இருப்பதையே எடுத்து எடுத்துச் சமைப்போம், புதிது வாங்கினால் அதன் மேலேயே கொட்டுவோம், அடியில் ஒன்று நசுங்கித் தண்ணீர் விட்டுக்கொண்டிருக்கும். இரண்டு நாளைக்கு ஒருமுறை கூடையைக் கவிழ்த்துப் பார்ப்பது ஒன்றே பாதிப் பிரச்சினையைத் தீர்க்கும். அடுத்தது வெட் கிரைண்டர். மாவு அரைத்ததும் கல்லைக் கழுவுவோம், கிரைண்டரின் அடிப்பக்கத்திலும் மேடையின் இடுக்கிலும் வழிந்த மாவு அங்கேயே புளித்துக் காய்ந்தும் காயாமலும் கிடக்கும். மிக்ஸி ஜாரின் அடியில் பிளேடு சுழலும் பகுதியைச் சுற்றியும் இதே கதை. டீ வடிகட்டியைத் தட்டும் கிண்ணம், மாட்டுக்கென்று கழுநீர் சேர்க்கும் வாளி, பழைய பேப்பர்காரருக்காகப் பால்கனியில் சேர்த்து வைத்த ஜூஸ் பாட்டில்களும் பீர் பாட்டில்களும் (இது சில வீடுகளில் மட்டும் என்று வைத்துக்கொள்வோம்), ஃப்ரிட்ஜுக்குப் பின்னால் தண்ணீர் சொட்டும் தட்டு. பொங்கல் சமயம் என்றால் கரும்புச் சக்கை. மேடை துடைக்கும் துணியும் பாத்திரம் தேய்க்கும் ஸ்பாஞ்சும் காயாமல் சுருண்டு கிடந்தால், அந்த ஈரத்தில் ஒட்டியிருக்கும் உணவுத் துணுக்கே புழுவுக்குப் போதும், பழம் என்று ஒன்று தேவையே இல்லை.

குப்பைத் தொட்டியைப் பற்றிக் கொஞ்சம் அதிகமாகச் சொல்ல வேண்டும், ஏனென்றால் பையை மட்டும் மாற்றிவிட்டுத் தொட்டியைக் கழுவியதாக நினைத்துக்கொள்வதுதான் பொதுவான தப்பு. புழு கடைசிக் கட்டத்தில் ஈரத்தை விட்டு மேலே ஏறி, காய்ந்த இடமாகப் பார்த்து ஒட்டிக்கொண்டுதான் கூட்டுப்புழுவாகும். தொட்டியின் விளிம்பு, மூடியின் உள்பக்கம், பையின் மடிப்பு, பழக்கூடையின் பின்னல், வாழைச் சீப்பின் கழுத்து இங்கெல்லாம் பழுப்பு நிறத்தில் சீரகத்தை உடைத்துப் போட்ட மாதிரி ஒட்டியிருப்பவை அவைதான். தண்ணீரை வீசி ஊற்றினால் போகாது, அவ்வளவு இறுக்கமாக ஒட்டியிருக்கும். பிரஷ் போட்டுத் தேய்த்து, கழுவி, வெயிலில் கவிழ்த்துக் காயவைக்க வேண்டும். ஈரக்குப்பை வண்டி தினமும் வராத இடங்களில் மாங்கொட்டை, பலாச் சடை, முலாம்பழத் தோல் மாதிரியானவற்றை மட்டும் ஒரு பையில் கட்டி, வண்டி வரும் நாள்வரை ஃப்ரீசரில் வைப்பவர்கள் உண்டு. கேட்டால் முகம் சுளிப்பார்கள், ஆனால் வேலை செய்கிற யோசனை, குளிரில் முட்டையும் வளராது, புளிப்பும் ஏறாது.

வாங்கி வந்த பழங்களை அன்றே கழுவித் துடைத்துவிடுவது நல்லது. வாழைப்பழத்தைச் சீப்பாகவே வாங்குங்கள், உதிரியாகப் பிய்க்கும்போதுதான் காம்பு கிழிகிறது. முட்டை அரை மில்லிமீட்டர்தான் இருக்கும், கண்ணுக்குச் சுலபத்தில் தெரியாது. அதன் ஒரு முனையில் இரண்டு இழைகள் நீட்டிக்கொண்டிருக்கும், கூழுக்குள் முட்டை முங்கினாலும் அந்த இழைகள் வழியாக மூச்சு விடும், ஆகவே சும்மா தண்ணீரில் முக்கி எடுப்பதைவிடக் கையால் தேய்த்துக் கழுவுவதில்தான் பலன். மாம்பழம் பழுக்கும்வரை வெளியே இருக்கட்டும், பழுத்ததும் ஃப்ரிட்ஜுக்குள். வாழைப்பழமும் போகலாம், தோல் கறுக்குமே தவிர உள்ளே ஒன்றும் ஆகாது.

இதையெல்லாம் செய்த பிறகுதான் பொறி. முதலில் பொறி வைத்தால், அழுகிய தக்காளியின் வாசனையோடு உங்கள் பொறி போட்டி போட வேண்டியிருக்கும், பெரும்பாலும் தக்காளிதான் ஜெயிக்கும். ஆங்கிலக் குறிப்புகள் எல்லாம் ஆப்பிள் சிடர் வினிகர் என்று சொல்லும். நம் மளிகைக் கடையில் கிடைக்கும் மலிவான வெள்ளை வினிகர் பெரும்பாலும் செயற்கை, சுமார் 4 சதவீதம் அசிட்டிக் அமிலமும் தண்ணீரும்தான், பழமோ ஈஸ்ட்டோ அதில் கிடையாது. அதை மட்டும் ஊற்றி வைத்துவிட்டு "வினிகர் வேலை செய்யலை" என்பவர்களுக்கு விடை அதுதான். போதாக்குறைக்கு, அசிட்டிக் அமிலம் லேசாக இருந்தால் ஈர்க்கும், அடர்த்தியாக இருந்தால் இதே ஈயை விரட்டும் என்று ஆய்வுக்கூடத்தில் காட்டியிருக்கிறார்கள். அதனால் டம்ளரில் கால் பங்கு வெதுவெதுப்பான தண்ணீர், ஒரு துண்டு வெல்லம், மசித்த கனிந்த வாழைப்பழம் கொஞ்சம், ரொட்டி செய்யும் ஈஸ்ட் வீட்டில் இருந்தால் ஒரு சிட்டிகை, இதை ஒருநாள் மூடி புளிக்கவிட்டு வடிகட்டி, அப்புறம் ஒரு ஸ்பூன் வினிகர். கடைசியாகப் பாத்திரம் தேய்க்கும் லிக்விட் இரண்டு சொட்டு. இந்தச் சொட்டை விட்டுவிட்டால் ஈ தண்ணீரின் மேலேயே நின்று குடித்துவிட்டுப் போய்விடும். நீரின் மேற்பரப்பு இழுவிசைதான் அதைத் தாங்குகிறது, சோப்பு அதைக் குறைத்ததும் முங்கிவிடும். டம்ளர் வாயில் காகிதத்தைக் கூம்பாகச் சுருட்டி, நுனியில் ஈ நுழையும் அளவு ஓட்டை விட்டுச் செருகினால் உள்ளே போனது திரும்பி வர வழி தெரியாமல் சுற்றும்.

வடிகட்டச் சொன்னதற்குக் காரணம் இருக்கிறது. பழத்துண்டு திரவத்துக்கு மேலே நீட்டிக்கொண்டிருந்தால் அதிலேயே முட்டை வைக்கும், வாரக்கணக்கில் கவனிக்காமல் விட்ட பொறியிலிருந்தே புது ஈ கிளம்பி வரும். மூன்று நாலு நாளுக்கு ஒருமுறை கொட்டிவிட்டுப் புதிதாக வையுங்கள். இன்னொரு உபயோகமும் இதற்கு உண்டு: ஒரே டம்ளரை வைப்பதற்குப் பதில் நாலைந்து சின்னக் கிண்ணங்களை வீட்டின் வெவ்வேறு மூலைகளில் வைத்து, மறுநாள் எதில் அதிகம் விழுந்திருக்கிறது என்று பாருங்கள், நீங்கள் தேடும் இடம் பெரும்பாலும் அதற்குப் பக்கத்தில்தான் இருக்கும்.

வேலைக்கு ஆகாதவை என்று பார்த்தால், எலுமிச்சையில் கிராம்பு குத்தி வைப்பது, கற்பூரம், துளசி, நாலைந்து வாசனை எண்ணெய்கள். வாசனை பிடிக்காமல் ஈ அந்தப் பக்கம் கொஞ்ச நேரம் வராமல் இருக்கலாம், ஆனால் பத்தடி தள்ளி சாப்பாடு காத்திருக்கும்போது அது வீட்டை விட்டெல்லாம் போகாது. வெட்டிய எலுமிச்சையே நாலு நாளில் இன்னொரு அழுகல் பழம். சிங்க்கில் பேக்கிங் சோடாவும் வினிகரும் ஊற்றினால் நுரை பார்க்க நன்றாக இருக்கும், ஒன்றையொன்று முறித்துக்கொண்டு மிஞ்சுவது கிட்டத்தட்ட உப்புத் தண்ணீர், குழாயின் வழவழப்பு அப்படியே இருக்கும். நீளமான பிரஷ், சூடான தண்ணீர், பாத்திர லிக்விட் போதும். தளதளவெனக் கொதிக்கும் நீரை ஊற்ற வேண்டாம், பி.வி.சி. குழாய் இளகிவிடும். பிளீச்சிங் பவுடர் போடுகிறவர்கள் அதோடு வினிகரையோ டாய்லெட் கழுவும் ஆசிடையோ எந்தக் காரணம் கொண்டும் சேர்க்காதீர்கள், குளோரின் வாயு கிளம்பும், மூடிய சமையலறையில் அது விளையாட்டு இல்லை.

பூச்சி ஸ்ப்ரேயும் சமையலறைக்கு வேண்டாம் என்பது என் கட்சி. மருந்து மேடையிலும் பாத்திரத்திலும் படியும், டப்பாவிலிருந்து பீய்ச்சும் வாயு பெரும்பாலும் எரியக் கூடியது, பக்கத்தில் கேஸ் அடுப்பு. பறக்கிற கூட்டத்தை உடனே ஒழிக்க வேண்டும் என்றால் ஸ்ப்ரே பாட்டிலில் சோப்புத் தண்ணீர் நிரப்பி அடியுங்கள், இறக்கை நனைந்து விழுந்துவிடும், துடைத்து எடுத்துவிடலாம். கையால் அடிப்பது ஏன் கஷ்டம் என்பதற்கும் விடை உண்டு. கலிஃபோர்னியாவில் மைக்கேல் டிக்கின்சன் குழுவினர் அதிவேகக் கேமராவில் படம் பிடித்து 2008இல் சொன்னது இது: ஆபத்து எந்தத் திசையிலிருந்து வருகிறது என்று பார்த்த நொடியின் பத்தில் ஒரு பங்குக்குள் ஈ தன் கால்களை நகர்த்தி, எதிர்ப்பக்கம் எம்புவதற்குத் தயாராகிவிடுகிறது. அதனால் உட்கார்ந்திருக்கும் ஈயைக் குறி பார்க்காமல், அது எங்கே தாவும் என்று யூகித்துக் கொஞ்சம் முன்னால் அடிக்க வேண்டும். முயன்று பாருங்கள்.

தெரியாமல் ஒரு புழுவையோ முட்டையையோ விழுங்கிவிட்டால் என்ன ஆகும் என்ற பயம் நிறையப் பேருக்கு இருக்கிறது. சாதாரணமாக ஒன்றும் ஆகாது, வயிற்றில் செரித்துவிடும். அதற்காக ஈ மொய்த்ததை அப்படியே சாப்பிடலாம் என்றும் இல்லை, குப்பையிலும் சாக்கடையிலும் உட்கார்ந்த காலோடு அது நறுக்கிய பழத்தில் வந்து உட்காரும், கிருமிகளைச் சுமந்து வர அது போதும். நறுக்கியதை மூடி வையுங்கள், மொய்த்த பகுதியை வெட்டித் தள்ளுங்கள்.

எல்லாம் செய்த மறுநாளே ஈ இருக்கிறதே என்று சோர்ந்துபோகிறவர்களுக்கு: ஏற்கெனவே எங்கோ ஒட்டியிருக்கும் கூட்டுப்புழுக்கள் அடுத்த சில நாள் வரிசையாக வெளியே வந்துகொண்டுதான் இருக்கும். அவை முட்டை வைக்க இடம் கிடைக்காமல் பொறியில் விழுந்து முடிய இரண்டு வாரமாவது ஆகும். அதற்கு மேலும் வந்தால் மூலம் வீட்டுக்கு வெளியே என்று கொள்ளலாம். அடுக்ககம் என்றால் கீழே பொதுக் குப்பைத் தொட்டி வைத்திருக்கும் இடம், இரண்டு வீட்டுச் சமையலறைகளுக்கும் பொதுவான குழாய் இடைவெளி, மொட்டை மாடியில் யாரோ ஆசையாக வைத்திருக்கும் கம்போஸ்ட் டிரம். கம்போஸ்ட்காரரோடு சண்டை வேண்டாம். ஒவ்வொரு முறை காய்கறிக் கழிவு போட்டதும் மேலே இரண்டு அங்குலத்துக்குக் காய்ந்த இலையோ தேங்காய் நார்த்தூளோ போட்டு மூடச் சொல்லுங்கள், ஈ உள்ளே இறங்காது, உரமும் சீக்கிரம் ஆகும். ஜன்னலில் கொசுவலை அடித்திருக்கிறோமே என்று இருந்துவிடவும் முடியாது, சாதாரணக் கொசுவலையின் கண் இந்த ஈக்குத் திறந்த வாசல் மாதிரி. இன்னும் நெருக்கமான கண்ணுள்ள வலை கடையில் கேட்டால் கிடைக்கும், காற்று கொஞ்சம் குறைவாக வரும், குப்பைத் தொட்டி இருக்கும் பக்கத்து ஜன்னலுக்கு மட்டும் அடித்தால் போதும்.